நாடி

பெயர்ச்சொல். 1. குருதிக்குழாயில் விரலால் உணரப்படும் துடிப்பு. 2. மோவாய்.

துடிப்பைக் குறிக்கும் நாடி, குழல் என்று பொருள்படும் வடசொல். ஆராய்தலைக் குறிக்கும் 'நாடு' என்ற தமிழ் வினையிலிருந்து வரும் 'நாடி' வேறு. மருந்து அதிகாரத்துக் குறளில் நிற்பது அதுதான். சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் என்ற முக்குற்றங்களை ஆராய்வதால் இரண்டு சொல்லும் ஒன்றெனத் தோன்றும்.

சிங்களத்திலும் இதே சொல் வழங்குகிறது. ஆகவே இலங்கையின் பதுளை வைத்தியசாலை வார்ட்டில், தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் தமிழ் நோயாளிக்கும் சிங்களத் தாதிக்கும் இது பொதுச்சொல்.

தாதிய மாணவர் பிரித்தறிய வேண்டியது இன்னொன்று. ஈசிஜி காட்டுவது இதயத்தின் மின்னோட்டத்தை. நாடி காட்டுவது குருதி பாய்வதை. ஓய்விலிருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பில் சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதில்லை. அதனால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணும் தொகை நாடியைவிடக் கூடும். நினைவிழந்தவருக்குத் திரையில் ஒழுங்கான அலை ஓடியும் கழுத்து நாடி இல்லையென்றால் அது இதய நிறுத்தம். உடனே நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும்.