முறுமுறுப்பும் முறையீடும்



வீட்டில் ஒருவர் வாய்க்குள்ளே குறைபேசினால், "என்ன முணுமுணுப்பு?" என்று கேட்கிறோம். வேதம் அதனை முறுமுறுப்பு என்கிறது. இரண்டும் ஒலியினால் பிறந்த சொற்கள்; கேட்கவேண்டியவருக்குக் கேளாதபடி பல்லுக்குள்ளே உருளும் சத்தத்தைக் குறிப்பவை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலுள்ள "கொங்குஸ்மோஸ்" என்பதும் அவ்வாறே ஒலியிலிருந்து எழுந்த சொல். 1871-இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் திருத்தி முடிக்கப்பட்ட மொழிபெயர்ப்பின் வழிவந்த நம் வேதாகமத்தில், இச்சொல்லுக்கு அருகே வேறொரு சொல்லும் இருக்கிறது. அது முறையிடுதல்.

பழந்தமிழில் முறை என்றால் நீதி. நீதி செய்ய வல்லவரிடத்தில் குறையைக் கொண்டுபோய் வைப்பதே முறையீடு. எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் முறையிட்டார்கள் என்று யாத்திராகமம் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. தேவன் அதைக் கேட்டு, மோசேயை அனுப்பினார். அதே ஜனங்கள் சமுத்திரத்தைக் கடந்து மூன்று நாள் வனாந்தரத்தில் நடந்து, மாராவின் கசப்பான தண்ணீரைக் கண்டபோது முறுமுறுத்தார்கள். தாகம் பொய்யல்ல, குறையும் உண்மையே. ஆனால் அது தேவனை நோக்கி ஏறாமல், மோசேக்கு விரோதமாய்த் திரும்பிற்று. பின்பு கானானை வேவுபார்த்தவர்களின் செய்தியைக் கேட்டுத் தங்கள் கூடாரங்களுக்குள்ளே முறுமுறுத்தார்கள். அதன் விலை நாற்பது வருஷ அலைச்சல்.

ஆயினும், பிரியமானவர்களே, இச்சொல்லைக்கொண்டு பிறர் வாயை அடைத்துவிடாதிருங்கள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேம் சபையில், அன்றாடப் பகிர்வில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லையென்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். அங்கும் அதே சொல்தான். அப்போஸ்தலர்களோ அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சபையைக் கூட்டி, இக்காரியத்துக்காக ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைபட்டவர்களின் பக்கத்தாரிடமே பந்தி விசாரணை ஒப்புவிக்கப்பட்டது போலும்! அதன்பின் சபை பெருகிற்று என்று வேதம் சாட்சி சொல்லுகிறது.

நியாயமான குறையோடு வந்தவரிடம், "முறுமுறுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்ட நாட்கள் போதகனாகிய எனக்கும் உண்டு. அன்று நான் முறையீட்டின் கதவை அடைத்தேன். கதவு அடைபட்ட வீட்டில்தான் முறுமுறுப்பு பிறக்கிறது.

இந்த வாரத்தில் உங்கள் உள்ளத்தில் உருளும் குறை எது? அதைத் தேவசமுகத்தில் வாய்திறந்து சொல்லுங்கள். சரிசெய்யக்கூடியவரிடத்திலும் நேராய்ப் போய்ச் சொல்லுங்கள். உங்களிடத்தில் ஒருவர் வந்தால், அமர்ந்து கேளுங்கள்.

அடிமைகளின் முறையீட்டைக் கேட்ட கர்த்தர் உங்கள் சத்தத்தையும் கேட்பாராக. ஆமென்.