இரண்டாம் ஊசியின் வரலாறு



உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். காசளவில் வட்டத் தழும்பு ஒன்று தெரியக்கூடும். சிலருக்கு இரண்டு, மூன்றுகூட இருக்கும். "சின்ன வயசுல அம்மை குத்துனது" என்பார்கள். ஒரு தடவை குத்தினால் போதாதா, ஏன் மறுபடியும் குத்தினார்கள் என்று கேளுங்கள். பலருக்குப் பதில் தெரியாது.

முதல் ஊசிக்கு முண்டியடித்து வரிசையில் நிற்கும் மனிதன், இரண்டாம் ஊசிக்குக் கூப்பிட்டால் "அதான் போட்டாச்சே, இன்னும் எதுக்கு?" என்கிறான். இது நேற்று முளைத்த கேள்வி அல்ல. ஏறக்குறைய இருநூறு ஆண்டு வயதுடைய கேள்வி.

இங்கிலாந்து நாட்டுக் கிராம வைத்தியர் எட்வர்ட் ஜென்னர். 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். சில வாரம் கழித்துப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு அம்மை வரவில்லை. (இன்றைக்கு ஒரு வைத்தியர் இப்படிச் செய்தால் சிறைக்குத்தான் போவார்!) 1798இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியது. 1802இல் அம்மைப்பால் இந்தியாவுக்கே வந்துவிட்டது.

ஒரு தடவை குத்தினால் ஆயுசுக்கும் அம்மை வராது என்று ஜென்னர் நம்பினார். அப்படியே சொல்லவும் செய்தார். வம்பு இங்கேதான் தொடங்கியது. 1820ஆம் ஆண்டுகளில், குழந்தையில் அம்மை குத்திக்கொண்டு வாலிபரானவர்களுக்கும் நோய் வரத் தொடங்கியது. பெரும்பாலும் லேசாகத்தான் வந்தது. குத்தாதவர்களைப் போல அவர்கள் கொத்துக்கொத்தாகச் சாகவில்லை. ஆனால் ஊர் வாய் என்ன சொல்லும்? "குத்தியும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்குக் குத்தணும்?" காலப்போக்கில் பலன் குறைகிறது, மறுபடி குத்த வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப் பல வைத்தியர்கள் தயங்கினார்கள். என்னைக் கேட்டால், அம்மைப்பாலில் குறையில்லை, கொடுத்த வாக்கில்தான் குறை. கொஞ்ச காலம் காக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள்.

ஜெர்மானியர்கள் வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. வூர்ட்டெம்பர்க் அரசு 1829லும், பிரஷ்ய அரசு 1834லும், பட்டாளத்தில் சேருகிற ஒவ்வொருவனுக்கும் மறுபடி அம்மை குத்த உத்தரவு போட்டன. சிப்பாயிடம் யார் சம்மதம் கேட்பார்? 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அதே சமயம் பெரியம்மையும் கிளம்பியது. பிரெஞ்சுப் படையில் நோய் புகுந்து விளையாடியது. பிரஷ்யப் படையில் இறந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஆனால் சிறைபிடிக்கப்பட்ட பிரெஞ்சு வீரர்கள் வழியாக நோய் ஜெர்மனிக்குள் நுழைந்தபோது, கட்டாயம் ஏதும் இல்லாத பொதுமக்களில் பிரஷ்யாவில் மட்டும் 1871, 1872 இரண்டே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிப்பாய் பிழைத்தான், வீட்டிலிருந்த அவன் பிள்ளை செத்தது.

அந்த அடிக்குப் பிறகுதான் 1874இல் ஜெர்மனியில் சட்டம் வந்தது. பிறந்த மறு ஆண்டு முடிவதற்குள் ஒரு முறை, பன்னிரண்டு வயதில் இன்னொரு முறை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எங்கே தேடுவது? பள்ளிக்கூடத்தில்தான்! இரண்டாம் ஊசி அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1853இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கி, மீறினால் அபராதம் என்றார்கள். இரண்டாம் முறையை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். கொள்ளை நோய் தெருவுக்கு வந்தால் கூட்டம் கூடும், அது ஓய்ந்தால் ஆள் இருக்காது. லண்டன் அம்மை ஆஸ்பத்திரியில் மார்சன் என்ற டாக்டர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வேலைக்குச் சேரும் தாதிக்கும் பணியாளுக்கும் முதல் காரியமாக மறுபடி அம்மை குத்துவார். நாளெல்லாம் நோயாளிகளைத் தொட்டுப் புழங்கிய அவர்களுக்கு அம்மை வரவில்லை. இவ்வளவு கண்கண்ட சாட்சி இருந்தும் ஊர் அசையவில்லை.

எதிர்த்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீரையே அடுத்த குழந்தைக்கு ஏற்றினார்கள். அப்படிச் செய்ததில் 1861இல் இத்தாலியின் ரிவால்டா என்ற ஊரில் பல குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. பெற்றவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? அபராதம் ஏழையைத்தான் கடித்தது. 1885இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் திரண்டு எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். 1898இல் அரசு இறங்கி வந்தது. மனசாட்சிப்படி மறுப்பவர்களுக்கு விலக்கு அளித்தது; கைக்குக் கை ஏற்றும் முறையையும் நிறுத்தியது.

இனி நம் கதைக்கு வருவோம். நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பல் ஏறுமுன், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள். அங்கேயே அம்மை குத்தினார்கள். பினாங்கில் இறங்கியவர்களை ஜெரஜாக் தீவில் ஒதுக்கி வைத்தார்கள். அந்த மக்களிடம் யாராவது "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருப்பார்களா? கையை நீட்டு என்றார்கள், நீட்டினார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனாலும் ஏன், எதற்கு என்று அவர்களுக்குச் சொன்னவர் இல்லை.

பெரியம்மை ஒழிந்துவிட்டது. கடைசியாக இயற்கையாக அந்நோய் கண்டவர் சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர், அலி மாவ் மாலின். ஆண்டு 1977. ஊசி வலிக்குமே என்று பயந்து தட்டிக் கழித்தவர் அவர்! பிழைத்தெழுந்து, பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது.

கோவிட் காலம் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 மே மாதம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசி இடங்களுக்குப் பதிவு திறந்தபோது, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோயின. வயது வந்தோரில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் முதல் இரண்டு ஊசியையும் போட்டுக்கொண்டார்கள். அடுத்து வந்த ஊக்க ஊசியைப் போட்டவர்கள் நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதி. அதற்கும் அடுத்ததற்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஒரு சிலரே. ஊசி மாறவில்லை, பயம்தான் குறைந்தது.

எல்லா மறு ஊசியும் ஒரே காரணத்துக்காக அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டம்மைக்கு முதல் ஊசி நூறு பிள்ளைகளில் ஏழு பேருக்குப் பிடிக்காமல் போகலாம். அவர்கள் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் எல்லாருக்கும் இரண்டாவது போடுகிறோம். தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் கதை வேறு. முதலில் நன்றாகப் பிடிக்கும், பிறகு மெல்லத் தேயும். பாடம் படித்த பிள்ளை திருப்பிப் பார்க்காவிட்டால் மறப்பதில்லையா, அது போலத்தான். அதனால் 7 வயதில் இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஊசி, 15 வயதில் இசிவு நோய்க்கு ஓர் ஊசி. செம்பனை முள் குத்துகிறது, பால்கத்தி வெட்டுகிறது என்று வாழ்கிற பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை அது தேவை. "பள்ளிக்கூடத்துல போட்டது போதும்" என்பது கணக்குக்கு உதவாது.

தொண்டை அடைப்பான் எல்லாம் பழைய கால நோய் என்று நினைக்காதீர்கள். 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் அது பிள்ளைகளைக் கொன்றது. போலியோ ஒழிந்த நாடு என்று 2000இல் பெயர் வாங்கினோம். 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் ஒரு கைக்குழந்தைக்கு அது வந்தது. 27 ஆண்டுகள் கழித்து!

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பையில் ஊசிக்கான பாரம் ஒன்றைக் கொடுத்தனுப்புகிறோம். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம் இருக்கும். ஆவடியில் நம் பாட்டனுக்குக் கிடைக்காத கட்டம் அது. சில பாரங்கள் எதிலும் குறியில்லாமல் திரும்பி வருகின்றன, சில வருவதே இல்லை. பிள்ளைக்கு முன்பு ஏதாவது ஊசியால் உடம்புக்கு ஆகாமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். எழுத வராதவர்கள், மனசில் சந்தேகம் உள்ளவர்கள், மிஸி வருகிற அன்று காலையில் பெரட்டு முடிந்ததும் பள்ளிக்கு வாருங்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்தால், எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்று உடனே பார்த்துவிடலாம்.