கணினி விழிக்க மறுத்தால்: இஞ்சின் கொட்டகையிலிருந்து ஒரு வரலாறு



பள்ளி விடுமுறை முடிந்ததும் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகல. செத்துப் போச்சு போல." நான் கணினித் துறை பயின்றவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழும் கற்பித்தல் முறையும் படித்தவள். ஆயினும், இருபது ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடை தேடியதில் ஓர் உண்மை விளங்கிற்று. செத்துவிட்டதாகச் சொல்லப்படும் கணினிகளுள் பல சாகவில்லை. எழுந்து வரும் வழியில் ஏதோ ஒரு படியில் நின்றுவிட்டன. அந்தப் படிகள் எப்படி உருவாயின என்று அறிந்தால், எந்தப் படியில் நின்றது என்பதையும் நாமே கண்டுகொள்ளலாம்.

இஞ்சின் கொட்டகை

நான் வளர்ந்தது கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில். 1980களில் எங்கள் லயங்களுக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் வந்தது. மாலை மங்கும்போது விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். அந்த இயந்திரத்தைக் கவனித்தவர் என் பெரியப்பா.

முதலில் டீசல் அளவைப் பார்ப்பார். பிறகு எண்ணெய். அதன்பின் கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினை எழுப்புவார். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் லயத்துக்கு மின்சாரத்தைத் திறந்துவிட மாட்டார். ஓட்டம் சீராகும்வரை காதைக் கொடுத்து நிற்பார். "அவசரப்பட்டா படுத்துக்கும் கண்ணு. அது நிதானத்துக்கு வரட்டும்" என்பார். சில நாள்களில் இஞ்சின் எழாது. அப்போதும் அவர் பதறியதில்லை. அதே வரிசையில், முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார்.

பல்லாண்டு கழித்துக் கணினியைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மேசைக் கணினியின் மின்வழங்கியும் பெரியப்பாவைப் போலவே நடந்துகொள்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் செயலி இயங்குவதில்லை. மின்னழுத்தம் சீரானதும் மின்வழங்கி "மின்சாரம் நலம்" என்றொரு குறிப்பை அனுப்புகிறது. அது வரும்வரை செயலி காத்திருக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரந்தான். ஆனால், அந்தக் குறிப்பு வராவிட்டால் அடுத்த படி இல்லை.

தன்னைத் தானே தூக்குதல்

கணினியை எழுப்புவதை ஆங்கிலத்தில் 'பூட்' செய்தல் என்கிறோம். 'பூட்ஸ்டிராப்' என்னும் சொல்லின் குறுக்கம் அது. காலணியின் பின்புறத்து வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது, நடக்க இயலாத செயலைக் குறிக்கும் அவர்களது வழக்கு. கணினிக்கும் அதே சிக்கல்தான். நிரலை ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரலை யார் ஏற்றுவது?

1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் மனிதர்களே கம்பிகளைச் செருகியும் விசைகளைத் திருப்பியும் வேலையை அமைத்தனர். 1952இல் ஐ.பி.எம். அறிவித்த 701 கணினியில் 'லோட்' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்து முதல் கட்டளை உள்ளே வரும். அது மற்றவற்றை அழைத்துக்கொள்ளும். 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியிலோ, பயனர் ஒவ்வொரு முறையும் முன்பலகை விசைகளை மேலும் கீழும் தட்டித் தொடக்க நிரலைக் கையாலேயே ஊட்ட வேண்டியிருந்தது.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினி, தொடக்க நிரலை அழியாத நினைவகச் சில்லில் வைத்தது. அதுவே பயாஸ். மின்சாரம் வந்ததும் அது நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கும். பிறகு வட்டைத் தேடி இயங்குதளத்தை அழைக்கும். 1984இல் வந்த ஏ.டி. வகைக் கணினி, நாள், நேரம், வட்டின் விவரம் ஆகியவற்றை மின்கலத்தின் துணையால் நினைவில் வைத்துக்கொண்டது. அந்நினைவகத்தின் அளவு 64 பைட்டு மட்டுமே. அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். கணினிகளுக்கு ஒத்த பயாஸை மற்றவர்களுக்கும் விற்கத் தொடங்கியது. ஒத்தியங்கும் கணினிகள் பெருகின, விலை இறங்கியது. பிற்காலத்தில் நம் தோட்டத்து வீடுகளுக்குத் தவணையில் வந்து சேர்ந்தவை அந்த மரபில் பிறந்தவையே.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. இண்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை அமைத்தது. அதே பத்தாண்டில் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவே வட்டாரத்திலும் மின்னணு ஆலைகள் எழுந்தன. பால்மரக் காட்டை விட்டு ஆலைப் பேருந்தில் ஏறிய தோட்டத்துப் பெண்களுள் என் அத்தையும் ஒருவர். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே சில்லுகளுக்குக் கம்பி இணைத்த கை அவருடையது. ஆனால், என் வீட்டில் கணினி வாங்கியபோது அவர் அதைத் தொடத் தயங்கினார். "கெட்டுப் போச்சுன்னா?" என்று கேட்டார்.

ஐந்து வெள்ளி மின்கலம்

2004இல் நான் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் பணியாற்றினேன். (அவ்வூருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.) என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். மகளுக்காகத் தவணையில் கணினி வாங்கியிருந்தார். ஆண்டிறுதி விடுமுறைக்குப் பின் அது இயங்கவில்லை. பட்டணத்துக் கடையொன்றில், தாய்ப்பலகையை மாற்ற வேண்டும், நானூறு வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்களாம். தவணையே முடியாத நிலை. "நமக்கெல்லாம் இது ஒத்து வராது டீச்சர். யாருக்காச்சும் குடுத்துடப் போறேன்" என்றார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்று பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் தோன்றின. "சிமோஸ் செக்சம் எரர்... பிரஸ் எஃப்1 டு கண்டினியூ." நினைவுக் குறிப்பு அழிந்துவிட்டது, தொடர எஃப்1 விசையை அழுத்துக என்பதே பொருள். அழுத்தினேன். கணினி எழுந்தது.

காரணம் எளியது. இடி மின்னலுக்கு அஞ்சி அவர்கள் விடுமுறை முழுவதும் செருகியைக் கழற்றி வைத்திருந்தனர். அது சரியான பழக்கமே. செருகி மாட்டியிருந்தால் தாய்ப்பலகையின் கடிகாரம் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடும். கழற்றினால் நாணயம் போன்ற சிறு மின்கலத்தில் ஓடும். சி.ஆர்.2032 என்னும் அந்த 3 வோல்ட்டு மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. புதியது ஐந்து வெள்ளி. மாற்றி, நாளையும் நேரத்தையும் சரிசெய்தேன்.

கடைக்காரர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. என் மனத்தை உறுத்தியது வேறு. அந்த வரிகளை மாணவி பலமுறை பார்த்திருக்கிறாள். "எனக்குன்னு நினைக்கல டீச்சர். அது கம்ப்யூட்டருக்குள்ள ஏதோன்னு நினைச்சேன்" என்றாள்.

தமிழ் வராத திரை

நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலால் அப்போதே கணினியில் தமிழ் எழுதிக்கொண்டிருந்தோம். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஏற்றிருந்தது. ஆனால், இவையெல்லாம் இயங்குதளம் எழுந்த பிறகுதான். அதற்கு முந்திய கறுப்புத் திரைக்கு 256 குறிகள் கொண்ட பழைய பட்டியலே தெரியும். அதில் தமிழ் இல்லை. கணினி நலமாக இருந்தால் தமிழில் பேசும். நோயுற்றால் ஆங்கிலத்தில் முனகும். தோட்டத்துப் பெற்றோருக்கு உதவி மிகத் தேவைப்பட்ட நேரத்தில்தான் மொழி கைவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியரால் முடியும்.

எல்லாக் கோளாறும் ஐந்து வெள்ளியில் தீர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1999 ஏப்ரல் 26ஆம் நாள் சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் வட்டின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில கணினிகளில் பயாஸையே அழித்தது. தென் கொரியாவில் மட்டும் இலட்சக்கணக்கான கணினிகள் முடங்கின. 2000களின் முற்பகுதியில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் தாய்ப்பலகைகளில் உப்பி வெடித்தன. மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் நுழைந்து மோடத்தைச் சுட்டது.

வரிசை

வீட்டில் கணினி எழாவிட்டால் இவ்வரிசையில் பாருங்கள்:

1. சுவர் விசை, செருகி, கணினியின் பின்புறத்து விசை, திரையின் கம்பி.
2. விசிறி சுழல்கிறதா? விளக்கு எரிகிறதா? இரண்டும் இல்லையென்றால் மின்வழங்கியைச் சந்தேகிக்கலாம். அதன் பெட்டியைத் திறக்காதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.
3. 'பீப்' ஒலியை எண்ணுங்கள். பல தாய்ப்பலகைகளில் ஒரு குறுகிய ஒலி நலத்தைக் குறிக்கும். விடாமல் ஒலித்தால், செருகியைக் கழற்றிவிட்டு நினைவகப் பலகையை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள்.
4. திரையில் எழுத்து தோன்றினால் அப்படியே எழுதிவையுங்கள். இன்று கைப்பேசியில் படம் எடுக்கலாம்.
5. நாள் தவறாகக் காட்டினால் மின்கலத்தை மாற்றுங்கள்.
6. இயங்குதளம் இல்லை என்றால், வட்டோ விரலியோ செருகியபடி இருக்கிறதா என்று பாருங்கள்.
7. "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று யாரேனும் சொன்னால், பிள்ளையின் கோப்புகளைக் காப்பாற்றிய பிறகே சம்மதியுங்கள்.

இன்று பயாஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. வரிசை மட்டும் மாறவில்லை. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு ஒன்றால் உலகில் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழ முடியாமல் தவித்தன. அவற்றுள் பலவற்றைப் பணியாளர்கள் ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. எந்தப் படியில் நின்றது என்று அறிந்தவர்களாலேயே அது முடிந்தது.

அந்தத் தந்தை கணினியை யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் நின்றபோது என்னை அழைக்கவும் இல்லை. திரையில் வந்த வரியை மகள் உரக்கப் படித்தாளாம். அவர் பொருள் கேட்டாராம். இருவரும் சேர்ந்து நினைவகப் பலகையைக் கழற்றி மாட்டினார்களாம். பள்ளி வாசலில் என்னைக் கண்டு சொன்னார்: "நின்னுச்சு டீச்சர். நாங்களே பாத்துக்கிட்டோம்."

"செத்துப் போச்சு" என்று சொல்லவில்லை, "நின்னுச்சு" என்றார். நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் வேறுபாட்டையாவது கற்றுக்கொடுப்போம்.

அன்புடன், உங்கள் ஆசிரியை.