நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு போலிகள்



"ஏஐ பற்றி எழுதுங்க சார்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கணினியின் உள்விவகாரம் உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வரலாற்றிலிருந்து சொல்கிறேன்.

1924 அக்டோபர். பிரிட்டனில் ராம்சே மெக்டொனால்டு தலைமையில் முதல் தொழிற்கட்சி அரசு. தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, 25-ஆம் தேதி, 'டெய்லி மெயில்' ஒரு கடிதத்தை வெளியிட்டது. மாஸ்கோவில் கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவராக இருந்த ஜினோவியேவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைப் புரட்சிக்குத் தயாராகச் சொல்லி எழுதியதாம். அவர் மறுத்தார். ஆனால் நாடே பரபரத்தது. கன்சர்வேடிவ் கட்சி பெருவெற்றி பெற்றது. கடிதம் வராவிட்டாலும் தொழிற்கட்சி தோற்றிருக்கும் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது போலி என்று பிரிட்டன் வெளியுறவுத் துறையின் வரலாற்றாசிரியர் ஆராய்ந்து அறிக்கை தந்தது 1999-இல். 75 ஆண்டுகள் கழித்து! எழுதியவர் யார் என்பது இன்றும் உறுதியாகவில்லை.

இப்போது 2024 ஜனவரி. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஆயிரக்கணக்கானோருக்குப் போன் வந்தது. அதிபர் பைடனின் குரல். "இப்போது வாக்களிக்க வேண்டாம், நவம்பருக்கு வைத்திருங்கள்" என்ற பொருளில் பேசியது. அது ஏஐ உருவாக்கிய குரல். 20 நிமிடத்துக்குள், 1 டாலர் செலவில் முடிந்தது என்று அதைச் செய்துகொடுத்தவரே பின்னர் சொன்னார். ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இரண்டிலும் தந்திரம் ஒன்றுதான்: அதிகாரம் உள்ளவரின் பெயர், யோசிக்க நேரமில்லாத தருணம். மாறியது செலவும் திறமையும். 1924-இல் அப்படி ஒரு கடிதம் தயாரிக்க மாஸ்கோவின் நடை தெரிந்த ஆள் வேண்டும், அதைக் கைமாற்றிச் சேர்க்க வழி வேண்டும். இன்று ஒருவர் பேசிய சில நிமிடப் பதிவு போதும். ஆகவே அதிபருக்கும் ஆபத்து, பென்ஷன் வாங்கும் நமக்கும் ஆபத்து.

"உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று நம்பாதீர்கள். ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு 2024-இல், ரகசியமாகப் பணம் அனுப்பும்படி மின்னஞ்சல் வந்தது. முதலில் அவர் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ அழைப்பில் நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் கண்டதும் சந்தேகம் தீர்ந்தது. அத்தனை முகங்களும் போலி. 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. அறிவில்லாமல் ஏமாறவில்லை அவர். கண்ணையும் காதையும் நம்பி ஏமாந்தார்.

தப்பித்த கதையும் உண்டு. 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி தன் வீரர்களை ஆயுதத்தைக் கீழே போடச் சொல்வதுபோல ஒரு போலி வீடியோ பரவியது. அது எடுபடவில்லை. தயாரிப்பு மட்டமாக இருந்தது ஒரு காரணம். "இப்படி ஒன்று வரலாம்" என்று உக்ரைன் அரசு இரண்டு வாரம் முன்பே எச்சரித்திருந்தது இன்னொரு காரணம். ஜெலென்ஸ்கியும் உடனே தன் பக்கத்தில் மறுப்பு வீடியோ போட்டார்.

நான் படிக்கும் பாடம் இதுதான். போலி வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டவர்கள் பிழைக்கிறார்கள். எனவே இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, வெளியில் யாருக்கும் சொல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். மகன் குரலில் அழுதுகொண்டே பணம் கேட்டாலும், வைத்துவிட்டு அவன் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த ரகசியச் சொல்லை மட்டும் கமெண்டில் போட்டுவிடாதீர்கள்!