பார்த்த யானை, பாராத சிங்கம்

சர்க்கஸ் சுவரொட்டிகளைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் சிறுபிராய ஏக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. என்னிடமுள்ள 20 சொச்சம் தாள்கள் செங்கல்பட்டிலும் சென்னையிலும் பழைய பேப்பர்க் கடைகளில் கிடைத்தவை. ஒட்டிய சுவரொட்டியை மழை கரைத்துவிடும். பசைக்காக மாடு தின்றுவிடும். ஆக, சேகரிப்பவன் கைக்கு வருவது ஒட்டப்படாமல் மிஞ்சிய தாள்தான். தன் காரியத்தைச் செய்யாத சுவரொட்டி.

இவற்றின் பூர்வீகத்தைத் தேடினால் ஹாம்பர்க்குக்குப் போக வேண்டும். அடால்ஃப் ஃப்ரீட்லாண்டரின் லிதோ அச்சகம் 1872 முதல் 1935 வரை 9,000-க்கு மேற்பட்ட சுவரொட்டிகளை, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அச்சிட்டது. எந்தக் கம்பெனிக்கும் பொருந்துகிற பொதுப்படங்களும் உண்டு. பெயருக்கு இடம் விட்டிருக்கும். அதே ஊரின் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், 1884-ல் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். அவருக்கு இரண்டும் சரக்கு.

நம்முடைய சர்க்கஸின் கதை வேறு. 1880-ல் பம்பாயில் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிவைத்தது. 1901-ல் தலசேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பள்ளி வைத்த பிறகு களரியில் பழகிய உடம்புகள் கூடாரத்துக்குள் வந்தன. 1948-ல் வெளிவந்த 'சந்திரலேகா'வுக்கு வாசன் அமர்த்தியது கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும். வித்தை இங்கே வேர் பிடித்துவிட்டது. சுவரொட்டி பிடிக்கவில்லை. வாயைப் பிளந்த சிங்கம், தீ வளையத்தில் புலி, முழங்கால் பூட்ஸும் சரிகைக் கோட்டுமாகச் சாட்டைக்காரன் என்று என் தாள்களில் திரும்பத் திரும்ப இவைதான். கூண்டின் கம்பி ஒன்றில்கூட இல்லை. ஓவியர் மிருகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார்.

பாராததை வரைவது குற்றமில்லை. மாமல்லபுரத்துச் சிற்பியும் சிங்கத்தைப் பார்த்திருக்க மாட்டான் என்பது என் அனுமானம். அவனுடைய சிங்கங்கள் அலங்காரமாக நிற்கின்றன, அவ்வளவே. ஆனால் அர்ச்சுனன் தபசு என்கிற அந்த 7-ஆம் நூற்றாண்டுப் பாறையில் யானையைப் பாருங்கள். கொம்பனின் காலடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கனத்தையும் நிதானத்தையும் கேள்விப்பட்டுச் செதுக்க முடியாது. அருகிலேயே கைகளைத் தூக்கித் தவமிருக்கும் பூனை, எதிரே எலிகள். இதுவும் ஒரு மிருக வித்தைதான், சாட்டைக்காரன் இல்லாமல். வடக்கே சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் புலியே கிடையாது, யாளித் தலைகள்தாம். அந்தக் கற்பனை தன்னைக் கற்பனை என்றே காட்டிக்கொள்கிறது.

சுவரொட்டிக்காரர் கோயிலுக்குக் கோயில் யானை பார்த்து வளர்ந்தவர். தாளில் மட்டும் அவர் யானை முக்காலியில் ஏறி முன்னங்கால்களைத் தூக்கி, ஜெர்மன் யானையாகிவிடுகிறது. தெரிந்ததை மறந்துவிட்டு வரைந்த இந்தப் படங்களை நாட்டுப்புறக் கலை என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு தாள் விதிவிலக்கு. யானை சிவலிங்கத்துக்கு நீர் வார்க்கிறது. நம் கூடாரங்களுக்கே உரிய அயிட்டம் அது. அங்கே ஓவியருக்கு நினைவு திரும்பியிருக்கிறது. காதோரத்துச் செம்புள்ளிகள், தொங்கும் விலாத்தோல், பின்னங்காலில் சங்கிலி. சங்கிலியை வரைந்தவர் இவர் ஒருவர்தான். அச்சகத்தின் பெயர் இருந்த மூலை கிழிந்துவிட்டது.

1998 அக்டோபர் 14 அறிவிக்கை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தை காட்டத் தடை செய்தது. கம்பெனிகள் வழக்காடின, 2000-ல் கேரள உயர்நீதிமன்றமும் 2001-ல் உச்சநீதிமன்றமும் தடையை உறுதிசெய்தன. யானை அந்தப் பட்டியலில் இல்லை. கூடாரங்களிலிருந்து மீட்ட சிங்கங்களும் புலிகளும் வந்துசேர்ந்த இடங்களில் ஒன்று, செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்விடக்கூடிய வண்டலூர். சர்க்கஸ் சிங்கங்களில் பல, ஆசிய ஆப்பிரிக்க இனங்கள் கலந்தவை. கலப்பு என்பதால் இனவிருத்திக்கு விடவில்லை. அந்த வரிசை அவற்றோடு முடிகிறது.

இந்தத் தாள்களைக் கொளுத்திவிடு என்றார் ஒரு கவிஞர். கம்பியை எப்படி மறைத்தார்கள் என்பதற்கு என் கையில் வேறு சாட்சியம் இல்லாததால் வைத்திருக்கிறேன். அடியில் ஊரும் தேதியும் அச்சிட வெள்ளைப் பட்டை விட்டிருக்கும். என்னிடம் 3 தாள்களில்தான் அது நிரம்பியிருக்கிறது. ஒன்றில் செங்கல்பட்டு. தேதி உண்டு, வருஷம் இல்லை.