வெந்நீர்க் கிணறு, சோழர் கல்வெட்டு, நீதிமன்ற வழக்கு: கன்னியாவுக்கு ஒரு நாள் பயணம் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டை சிவன் கோயில் சுவரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதே சோழர் காலத் தமிழ், கடல் கடந்து இலங்கையின் திருகோணமலையில் ஒரு பௌத்த விகாரையிலும் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் இது வெறும் குளியல் பயணம் இல்லை. ஏன்?

கன்னியா எங்கே இருக்கு?

திருகோணமலை நகரிலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில், அனுராதபுரம் சாலையை ஒட்டி இருக்கிறது. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள். ஆழம் நாலைந்து அடிக்குள்தான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு. ஒவ்வொரு கிணற்றிலும் சூடு கொஞ்சம் மாறும். 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

எரிமலையே இல்லை, சூடு எப்படி வருது?

மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை கூடும். அப்படிச் சூடான நீர், வேறொரு பிளவு கிடைத்ததும் வேகமாக மேலே வந்துவிடுகிறது. இலங்கையின் பெரும்பாலான வெந்நீர் ஊற்றுகள், இரண்டு பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன. மஹாஓயா, மஹாபெலெஸ்ஸ ஊற்றுகள் அப்படிப்பட்டவையே.

ராவணன் கதை என்ன?

தாய் இறந்த செய்தி கேட்ட ராவணன், ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி ஏழு இடங்களில் வாளால் குத்தினான், அங்கே ஊற்று பொங்கியது என்பது ஐதீகம். திருகோணமலை இந்துக்கள் இறந்தவர்களுக்கான கடன்களை இன்றும் இங்கே செய்கிறார்கள். நமக்குச் சுற்றுலா இடம், அவர்களுக்கு அப்பா அம்மாவை நினைக்கும் இடம். செல்ஃபி எடுக்கும் முன் இது ஞாபகம் இருக்கட்டும்.

சர்ச்சை எதனால்?

ஊற்றுக்கு அருகே ஒரு மேடும், பழைய பிள்ளையார் கோயிலின் எச்சமும் இருக்கின்றன. இவை பௌத்த மடாலயத்தின் இடிபாடுகள் என்கிறது இலங்கைத் தொல்லியல் திணைக்களம். அங்கே விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர்கள் போராடினார்கள். விவகாரம் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டுமானத்துக்கு அதே மாதம் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

வெல்கம் விகாரையில் என்ன விசேஷம்?

பௌத்த இடிபாடு என்றாலே சிங்களருடையது, இந்து என்றாலே தமிழருடையது என்ற கணக்கு இங்கே உடைகிறது. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளம் அருகில் உள்ள இந்த விகாரையைத் தமிழர்கள் நாதனார் கோயில் என்பார்கள். கி.பி. 993 வாக்கில் சோழர்கள் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தார்கள். சைவர்களான அவர்கள் ஆட்சியில் இந்த விகாரை அழியவில்லை. ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்ற பெயரோடு செழித்தது. விளக்கெரிக்கக் கால்நடையும் காசும் கொடுத்தவர்களின் விவரம் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் இதே காலம்தான்.

நாளை எப்படிப் பிரிப்பது?

காலை: வெயில் ஏறும் முன் கன்னியா. சோப்பு, ஷாம்பு வேண்டாம்.

முற்பகல்: வெல்கம் விகாரை. தோள், முழங்கால் மூடிய உடை அவசியம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. இலங்கையில் அது பெரிய அவமதிப்பு.

மாலை: சம்பந்தர் பாடிய திருக்கோணேஸ்வரம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களை வைத்தே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னத்தை இன்றும் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயில் உண்டு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. வானிலையால் ரத்தாகலாம் என்பதால் தேதியை உறுதிசெய்த பிறகு கிளம்புங்கள். பாஸ்போர்ட், இலங்கை அனுமதி இரண்டும் கட்டாயம்.

வழிகாட்டியிடம் என்ன கேட்கணும்?

கன்னியாவுக்கு ஒரு தரப்புக் கதை மட்டும் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய. ‘வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டு எங்கே?’ என்று கேளுங்கள். அந்தக் கல்லைக் காட்டி விளக்குபவர் கிடைத்தால், உங்கள் ஒரு நாள் பயணம் உருப்படியாக அமைந்தது என்று அர்த்தம்.