நெடும்படைப்புகளும் கூட்டுவாசிப்பும்: சிந்தாமணி முதல் வெண்முரசு வரை

முன்னுரை

அச்சுப் பண்பாடு வேரூன்றிய பின்னர் நாவல் வாசிப்பு தனிமனிதரின் மௌனச் செயலாகவே பெரிதும் கருதப்பட்டு வருகிறது. எனினும், அளவாலும் நடையாலும் வாசகரை அயர வைக்கும் படைப்புகளைப் பலர் கூடி வாசிக்கும் வழக்கம் தமிழில் அற்றுப்போகவில்லை. இக்கூட்டுவாசிப்பு வாசகருக்கு எதனைத் தருகிறது, எதனைப் பறிக்கக்கூடும் என்னும் வினாவை, ஜெயமோகனின் வெண்முரசு நாவல் வரிசையை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபின் தொடர்ச்சி

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதப் பிரசங்கம் பல நாள்கள் தொடர்ந்து நிகழ்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாடல்களைப் படித்துப் பொருள் விரிக்க, இரவில் அக்கதை கூத்தாக நிகழ்த்தப்படுகிறது. இங்கு எழுத்தறியாதவரும் காப்பியத்தின் பங்காளராகின்றனர். நூலின் நீளம் கேட்போருக்குச் சுமையாவதில்லை. அது நாள்களாகப் பகுக்கப்பட்டு ஊரின் காலக்கணக்கோடு இணைந்துவிடுகிறது.

நூலறிவு சார்ந்த கூட்டுவாசிப்புக்கு உ.வே. சாமிநாதையரின் அனுபவம் தக்க சான்றாகும். 1880இல் கும்பகோணத்தில் பணியேற்ற அவரைச் சீவகசிந்தாமணியின்பால் செலுத்தியவர் சேலம் இராமசுவாமி முதலியார். சிற்றிலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி பெற்றிருந்தும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியத்தின் சமணக் கருத்துகள் அவருக்குப் புலப்படவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களில் சிந்தாமணி தொடர்ந்து படிக்கப்பட்டு வந்ததை அறிந்து, அவர்களை அணுகியே அவர் ஐயம் தெளிந்தார். அதன் பயனாக 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஏட்டில் மட்டும் கிடைக்காத பொருள், கூடிப் படித்தோரின் நினைவில் காக்கப்பட்டிருந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

வெண்முரசும் அதன் வாசகரும்

மகாபாரதத்தை மறுஆக்கம் செய்யும் வெண்முரசு, 2014 சனவரி முதல் நாள் தொடங்கி 2020 சூலையில் நிறைவுற்றது. முதற்கனல் முதல் முதலாவிண் வரை 26 நாவல்களாக, இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல் அது விரிகிறது. இணையத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வெளிவந்தமையால், திருநெல்வேலியில் வாழ்பவரும் நவி மும்பையின் ஐரோலியில் வாழ்பவரும் ஒரே நாளில் ஒரே பகுதியைப் படிக்க இயன்றது. பிரசங்க மேடை ஓர் ஊரைக் கூட்டியது போல, இணையம் சிதறி வாழும் வாசகரைக் கூட்டியது.

இவ்வரிசையை வாசிப்போர் எதிர்கொள்ளும் தடைகள் மூன்று: அளவு, கிளைக்கதைகளிலும் குலவரிசைகளிலும் பெருகும் பெயர்கள், வடசொற்களைக் கூடியவரை விலக்கிப் புதிதாக ஆக்கப்பட்ட சொற்கள். நான்காம் நாவலான நீலம், கதை நகர்வைக் காட்டிலும் உணர்வின் பெருக்கையே முதன்மையாக்குவதால், நிகழ்ச்சிகளைத் தேடி வருபவர் அதில் தயங்குவது இயல்பு. புதுச்சேரியில் 2017இல் தொடங்கிய மாதாந்திரக் கூடுகை, முதல் நாவலிலிருந்து வரிசையாகப் பகுதி பகுதியாகப் பேசும் முறையை மேற்கொண்டது. குறிப்பிட்ட பகுதியைப் பற்றி ஒருவர் உரையாற்றிய பின் மற்றவர் உரையாடுவர். தனித்துப் படிப்பவர் கடந்து செல்லும் பக்கத்தைக் கூடிப் படிப்பவர் கடக்க இயலாமற்போவதே இம்முறையின் முதற்பயன். ஒருவர் மறந்ததை மற்றொருவர் நினைவூட்டுவது அடுத்த பயன்.

மேலைநாட்டு ஒப்பீடு

1939இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் ஃபின்னகன்ஸ் வேக் நாவலைச் சூரிச் நகர வாசகர் குழு 1984இல் படிக்கத் தொடங்கியது. ஒருமுறை படித்து முடிக்க அதற்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின. முடித்ததும் குழு மீண்டும் முதற்பக்கத்திற்குத் திரும்பியது. அங்குப் படைப்பாளர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. பொருள்காணும் பொறுப்பு முற்றிலும் வாசகருடையதாயிற்று. வெண்முரசின் நிலை வேறு. ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசகர் கடிதம் எழுதினர். அக்கடிதங்கள் அவருடைய இணையதளத்திலேயே வெளியாயின. 2009இல் உருவான விஷ்ணுபுரம் இலக்கிய வட்டமும் அவருடைய நாவலின் பெயரையே தாங்கியது.

இந்நெருக்கம் வாசகருக்கு ஊக்கமளித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஆசிரியரின் விளக்கமே முடிந்த முடிபாகக் கொள்ளப்படும் வாய்ப்பையும், உழைத்துப் படித்த நூல் உயர்ந்ததாகவே இருக்கவேண்டும் என்னும் மயக்கத்தையும் அது உடன்கொண்டு வருகிறது. படித்து முடித்த பெருமிதம் மதிப்பீடு ஆகாது.

முடிவுரை

சிந்தாமணியைப் பேணிய சமணர்க்கு அது சமயநூல். சாமிநாதையர் அச்சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். அவர்களிடம் பொருள் கேட்டறிந்த அவர், ஏடுகளை ஒப்புநோக்கித் தாமே பாடம் தேர்ந்தார். பற்றுடையோரின் நினைவும் பற்றின்றி ஆராயும் பார்வையும் இணைந்தபோதுதான் அப்பதிப்பு பிறந்தது. வெண்முரசு வாசிப்புக்கும் இதுவே பொருந்தும். நெடும்படைப்பைப் படித்து முடிக்கக் குழு துணைநிற்கும். அப்படைப்பு தமிழ் நாவல் வரலாற்றில் பெறும் இடத்தை அறுதியிட, அக்குழுவின் உரையாடல்களையும் சான்றாகக் கொண்டு, அதன் எல்லைக்கு வெளியே நின்று ஆராயும் பணி தேவை. அப்பணி பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.